முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ட்ராமா தெரபி பற்றித் தெரிந்தவர்கள் விளக்குங்கள்

மழைத்தூறல் எழுதியது:

வணக்கம். பல மாதமாகப் படிப்பதோடு நின்றுகொண்டிருந்தேன், இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாலை விபத்து. வண்டி ஓட்டியது நான். பக்கத்தில் என் தம்பி. எனக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்தான். அவனுக்கு இடது காலில் மூன்று அறுவை சிகிச்சை. இப்போது நன்றாக நடக்கிறான், வேலைக்குப் போகிறான், என்னோடு சிரித்துப் பேசுகிறான். நான்தான் இன்னும் அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை. எங்கே பிரேக் சத்தம் கேட்டாலும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. அந்தச் சாலையைத் தவிர்ப்பதற்காகத் தினமும் நாற்பது நிமிடம் சுற்றிப் போகிறேன். ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது.

போன மாதம் ஒருவழியாகத் துணிந்து ஒரு கவுன்சலரிடம் போனேன். பெயர், வயது கேட்டார். உடனே, "கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் கை நடுங்கியது, மூச்சு வாங்கியது. "நிறுத்தாதீர்கள், எல்லாம் வெளியே வரட்டும்" என்றார். தம்பியின் கால் இருக்கைக்கு அடியில் சிக்கியிருந்த இடத்துக்கு நான் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக் காலில் தெம்பில்லை. அடுத்த பத்து நாள் கொஞ்சநஞ்சம் இருந்த தூக்கமும் போனது. திரும்ப அங்கே போகவில்லை.

இதைக் கேட்ட தோழி ஒருத்தி, "நீ ட்ராமா-இன்ஃபார்ம்ட் தெரபிஸ்டிடம் போயிருக்க வேண்டும்" என்கிறாள். அப்படி என்றால் என்ன? அது தனி வகைச் சிகிச்சையா? என்னைப் போல ஒரே ஒரு விபத்து நடந்தவர்களுக்கும் அது தேவையா? அங்கேயும் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

கரையோரன் எழுதியது:

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த மாடிப்படி எனக்கும் தெரியும். இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.

நீள்வழி எழுதியது:

மழைத்தூறல், திரும்பிப் போகாதது உங்கள் பலவீனம் இல்லை. அந்த அறையில் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பதினான்கு வருடமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் இன்ன பிரச்சினை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தோழி சொன்ன சொல்லில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அதைப் பிரித்துச் சொல்லலாம்.

ட்ராமா-இன்ஃபார்ம்ட் என்பது ஒரு சிகிச்சையின் பெயரே இல்லை. எந்தச் சிகிச்சையையும் எப்படி நடத்துவது என்பதைப் பற்றியது. எதிரே இருப்பவருக்கு முன்பு ஒரு பெரிய அடி விழுந்திருக்கலாம், அதை அவர் சொல்லாமலும் இருக்கலாம், நாம் செய்யும் எதுவும் அந்த இடத்தில் மறுபடி அடித்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு நடப்பது. 2001-ல் மாக்சின் ஹாரிஸ், ராஜர் ஃபாலட் என்ற உளவியலாளர்கள் இருவரும் மனநல சேவைகளை இந்தக் கண்ணோடு மாற்றியமைப்பது பற்றி எழுதினார்கள். 2014-ல் அமெரிக்க அரசின் சாம்சா என்ற மனநல சேவை அமைப்பு இதற்கு ஆறு கொள்கைகளை வகுத்தது. பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, அதே பாதையில் வந்தவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுப்பது, தேர்ந்தெடுக்கும் உரிமை, ஒருவரின் பண்பாட்டையும் பாலினத்தையும் வரலாற்றையும் மதிப்பது.

படிக்கும்போது ஏதோ அரசாணை மாதிரி இருக்கும். அறைக்குள் அது மிகச் சின்ன விஷயங்களாகத்தான் வருகிறது. என்னைப் பார்க்க வருபவர் எந்த நாற்காலியில் உட்காருவது என்று அவரே முடிவு செய்வார். பலர் கதவு கண்ணில் படும் நாற்காலியைத்தான் எடுப்பார்கள். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் சாத்துவேன். கண்ணை மூடச் சொல்வதில்லை. மூடினால் சிலருக்கு அந்த நாளே வந்து நிற்கும், அதனால் தரையைப் பார்த்தால் போதும் என்பேன். ஒரு கேள்வி கேட்டால் எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் சொல்வேன். கடைசிப் பத்து நிமிடம் புதிதாக எதையும் திறக்க மாட்டோம். அது அன்றைய நாளுக்குத் திரும்பி வருவதற்கான நேரம். உங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் மாடிப்படியில் அந்த ஒரு மணி நேரம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று ட்ராமா-ஃபோகஸ்ட். இவை ட்ராமாவுக்கென்றே, அதாவது மனதில் பட்ட அந்தக் காயத்துக்கென்றே உருவான சிகிச்சைகள். கட்டமைப்பு உண்டு, ஏறக்குறைய இத்தனை அமர்வு என்ற கணக்கு உண்டு, ஆய்வு பலமும் உண்டு. நீடித்த எதிர்கொள்ளல், சிந்தனைச் செயலாக்கச் சிகிச்சை, கண்ணசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்று பல வகை. பி.டி.எஸ்.டி., அதாவது அப்படி ஒரு அடிக்குப் பின் நீடிக்கும் மன அழுத்த நோய், உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டி காயத்தை மையப்படுத்திய சி.பி.டி.யையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) இ.எம்.டி.ஆரையும் பரிந்துரைக்கிறது.

முதலாவது எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது. பல் பிடுங்கப் போனாலும் கிடைக்க வேண்டியது. இரண்டாவது, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். பல விளம்பரங்களில் முதல் சொல்லைப் போட்டுவிட்டு, இரண்டாவதும் தெரியும் என்பது போல எழுதுகிறார்கள். கனிவாக நடந்துகொள்வது மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. முறை தெரிந்தும் கனிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். உண்மையில் அங்கே முறையும் இல்லை. பயிற்சி பெற்ற யாரும் முதல் சந்திப்பில், எந்த விளக்கமும் இல்லாமல் இப்படித் தொடங்க மாட்டார்கள்.

சொல்தேடி எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். சிலர் ட்ராமாவை மனவடு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. புண் ஆறின பிறகு நிற்கும் தடம்தானே வடு? இங்கே பேசுவது ஆறாத ஒன்றைப் பற்றி. கிரேக்க மூலத்திலும் அந்தச் சொல்லுக்குக் காயம் என்றுதான் பொருள். மனக்காயம் என்றால் எல்லோருக்கும் புரியும். சிகிச்சை முடிந்த பிறகு வேண்டுமானால் வடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

வினாக்குறி எழுதியது:

யாரையும் புண்படுத்த இதைக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இப்போது எதற்கெடுத்தாலும் ட்ராமா என்கிறார்கள். மேலாளர் திட்டினால் ட்ராமா, காதல் முறிந்தால் ட்ராமா. நம் தாத்தா பாட்டி எவ்வளவோ பார்த்தார்கள், எந்தத் தெரபியும் இல்லாமல் எழுந்து நின்றார்களே. அடிபட்டவர் எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்று சொன்னால், மனிதனுக்குத் தானாக ஆறும் சக்தியே இல்லை என்று நம்ப வைக்கிறோமோ? மழைத்தூறலின் நிலை வேறு, அது எனக்குப் புரிகிறது. பொதுவாகத்தான் கேட்கிறேன்.

நீள்வழி எழுதியது:

வினாக்குறி, தானாக ஆறும் சக்தி பற்றி நீங்கள் சொல்வது சரி. அதை ஆய்வுகளும் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70% பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனக்காயம் ஏற்படுத்தக்கூடிய ஒரு நிகழ்வைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது 5.6% பேருக்கு. வன்முறை, போர் போன்றவற்றில் இது இன்னும் கூடும். ஆனாலும் பெரும்பாலோர் குடும்பம், நண்பர்கள், வேலை, நேரம் இவற்றின் துணையோடு மீள்கிறார்கள்.

இந்தத் துறையே ஒரு தவறிலிருந்து இதைக் கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் பேரிடர் நடந்த இடத்துக்கு ஆலோசகர்கள் ஓடுவார்கள். தப்பியவர்களை ஓரிரு நாளுக்குள் உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்ல வைப்பார்கள். மனதில் தேங்கினால் நோயாகும் என்று மனதார நம்பித்தான் செய்தார்கள். 2002-ல் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு அந்த ஒற்றை அமர்வு முறையைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பி.டி.எஸ்.டி.யைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சிலருக்குக் கூடுதல் பாதிப்பு ஏற்பட்ட அறிகுறியும் இருந்தது. இன்று முதல் நாட்களில் பரிந்துரைக்கப்படுவது உளவியல் முதலுதவி. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், இணை என்ற மூன்று செயல்தான் அதன் சாரம். யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர் பேச விரும்பினால் கேட்பது, உறவுகளோடும் உதவிகளோடும் இணைத்துவிடுவது. கதையைப் பிடுங்குவது அதில் இல்லை.

ஆனால் தாத்தா பாட்டி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. எழுந்து நின்றார்கள், உண்மை. அவர்களில் சிலர் ராத்திரி கத்திக்கொண்டு எழுந்ததையும், சிலர் ஒரு சொல்லும் பேசாமல் ஐம்பது வருடம் இருந்ததையும் நாம் அவர்கள் குணம் என்று எடுத்துக்கொண்டோம். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் சேர்ந்ததே 1980-ல்தான். பெயர் இல்லாததால் அது இல்லை என்று ஆகாது.

எப்போது உதவி தேட வேண்டும் என்றால், நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? அது முக்கியமான எல்லை, அதற்கு முன் வரும் தூக்கமின்மையும் படபடப்பும் பெரும்பாலும் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பாடு. அப்புறம், அந்த நினைவு நாம் கூப்பிடாமலேயே வந்து இப்போதே நடப்பது போல உலுக்குகிறதா? அதைத் தவிர்ப்பதற்காக வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போகிறதா? நாற்பது நிமிடம் சுற்றிப் போவது என்று படித்தபோது எனக்கு இந்த மூன்றாவதுதான் தோன்றியது.

பழையசெவிலி எழுதியது:

நான் ஓய்வு பெற்ற செவிலியர். நீள்வழி சார் பல் மருத்துவரைச் சொன்னதும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரு வார்டில் வயதான பெண்மணி ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்க விடவே மாட்டார். கையில் பட்டையைச் சுற்றி அது காற்றடைத்து இறுக ஆரம்பித்ததும் கையை உதறி அலறுவார். ஒத்துழைக்காத நோயாளி என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது. எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஒருநாள் இரவுப் பணியில், அவசரம் இல்லாத நேரத்தில், பட்டையை அவர் கையிலேயே கொடுத்து, "அம்மா, இது எப்படி இறுகும் என்று நீங்களே அழுத்திப் பாருங்கள்" என்றேன். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். அப்புறம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "கட்டிப் போட்டார்கள்" என்றார். யார், எப்போது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவரே பட்டையைச் சுற்றிக்கொள்வார். பொத்தானை அழுத்தச் சொல்லித் தலையாட்டுவார், அப்புறம்தான் நான் அழுத்துவேன்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. அவருக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலேயே சரியாக நடந்துகொள்ள முடிந்தது. மழைத்தூறல், உங்கள் கடைசிக் கேள்விக்கு என் சார்பில் இதுதான் பதில், பாப்பா.

தனிமரம் எழுதியது:

எனக்கு நடந்தது ஒருநாள் விஷயம் இல்லை. ஆறு வயதிலிருந்து பதினைந்து வரை, அப்பாவின் கை. விவரம் வேண்டாம். பெரியவனான பிறகு எனக்குக் கெட்ட கனவு எதுவும் வரவில்லை, அதனால் எனக்கு இதெல்லாம் இல்லை என்றே நினைத்திருந்தேன். வந்தது வேறு. யாராவது குரலை உயர்த்தினால் நான் அந்த இடத்திலேயே இருக்க மாட்டேன். உடம்பு மட்டும் நிற்கும். கல்யாணமாகி ஏழு வருடம், மனைவியை நம்பவே முடியவில்லை, அவர் ஒரு தவறும் செய்யவில்லை. நான் அடிப்படையிலேயே கெட்டவன் என்ற எண்ணம் எப்போதும் உள்ளே ஓடும்.

சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று என் மருத்துவர் சொன்னார். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992-லேயே இப்படி ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயாக இடம்பெற்றது ஐ.சி.டி.-11 என்ற பதினொன்றாம் பதிப்பில்தான், 2022-ல் அது நடைமுறைக்கு வந்தது. இடையில் முப்பது வருடம்.

ஹெர்மன் சொன்ன மூன்று கட்டங்கள்தான் எனக்கு வழி காட்டின. முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அப்புறம் மறுபடி வாழ்க்கையோடு சேர்வது. முதல் ஆறு மாதம் பழையதைத் தொடவே இல்லை. நான் காணாமல் போகும் தருணத்தைக் கண்டுபிடிப்பது, திரும்பி வருவது, இது மட்டும்தான். உள்ளங்காலைத் தரையில் அழுத்துவது. கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று என்று எண்ணுவது. முதலில் எனக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. பத்தாவது வாரம் அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் மேசையைத் தட்டியபோது, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி அழுதேன்.

மழைத்தூறல், அவசரமே வேண்டாம். முதலில் தரையில் நிற்கப் பழகுங்கள்.

நீள்வழி எழுதியது:

தனிமரம், இதை இங்கே எழுதியதற்கு நன்றி. அந்த மேசை விளிம்பு என் மனதிலேயே நிற்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், மற்றவர்கள் படிக்கிறார்கள் என்பதால். நீண்ட ஆயத்தக் கட்டம் எல்லோருக்கும் கட்டாயமா என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. சிக்கலான பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிலும் பலர் நேரடிச் சிகிச்சையைத் தாங்குகிறார்கள், பலனும் அடைகிறார்கள், அவர்களைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று ஒரு தரப்பு உறுதியாகச் சொல்கிறது. என் அனுபவத்தில், உங்களுக்கு ஆறு மாதம் தேவைப்பட்டது, அது சரியாகவும் இருந்தது. ஆனால் ஆயத்தம் என்ற பெயரில் மூன்று வருடம் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்துகொண்டு, காயத்தின் பக்கமே போகாத பலரையும் பார்த்திருக்கிறேன். சில சமயம் பயப்படுவது தெரபிஸ்ட்தான். மழைத்தூறலைப் போல, வயதுவந்த பிறகு நடந்த ஒரே ஒரு நிகழ்வு என்றால், ஆயத்தம் பெரும்பாலும் ஓரிரு அமர்விலேயே முடிந்துவிடும்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? முறையைப் பொறுத்தது.

எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளலில் ஆம், சொல்ல வேண்டும். சாதாரணமாக 8 முதல் 15 அமர்வு. நடந்ததை நிகழ்காலத்தில், திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவீர்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு நடந்ததற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஏன் செய்கிறோம் என்ற விளக்கம், உங்கள் சம்மதம், எந்த இடத்தில் எவ்வளவு என்ற அளவு, சொல்லி முடித்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்கான நேரம், எல்லாம் உண்டு. நினைவு என்பது ஆபத்து இல்லை, அது நினைவு மட்டும்தான் என்று உடம்பு கற்றுக்கொள்ளும் வரை கூடவே ஒருவர் இருப்பார்.

பட்ரீஷியா ரெசிக்கின் சிந்தனைச் செயலாக்கச் சிகிச்சையில் விவரமாகச் சொல்வது கட்டாயம் இல்லை. நடந்ததை முழுக்க எழுதும் பகுதி இல்லாமலும் அது வேலை செய்கிறது என்று 2008-ல் அவர் குழுவின் ஆய்வு காட்டியது.

இ.எம்.டி.ஆரிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது குறைவு. அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு தெரபிஸ்டின் விரலசைவைக் கண்ணால் தொடர்வீர்கள். ஃபிரான்சின் ஷாபிரோ 1989-ல் இதன் முதல் ஆய்வை வெளியிட்டார். சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கண்ணசைவு அதில் என்ன செய்கிறது என்பதுதான் இன்னும் விவாதம்.

குழந்தைகள் என்றால் பெற்றோரையும் சேர்த்துச் செய்யும் தனி சி.பி.டி. முறை உண்டு. அதைத் தனி இழையில் பேசலாம்.

ஓடைக்கல் எழுதியது:

நான் அந்தச் சிந்தனைச் செயலாக்கச் சிகிச்சையை முடித்தவள். 12 அமர்வு. மழைத்தூறலுக்காக அதன் உள்ளே எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

என் வீட்டில் தீ விபத்து. அம்மாவை இழந்தேன். என் தெரபிஸ்ட் தீயைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. "அது ஏன் நடந்தது என்று நீங்கள் நம்புகிறீர்கள்?" என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். நான் எழுதியது: அன்று நான் சீக்கிரம் வந்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். அந்த வரியைத்தான் அடுத்த பல வாரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். இப்படி மனம் முட்டிக்கொண்டு நிற்கும் வரிகளுக்குச் சிக்கிய புள்ளி என்று பெயர்.

அவர் ஒருநாளும் "உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லவில்லை. அதை ஊரே சொல்லிவிட்டது, ஒன்றும் மாறவில்லை. அவர் கேட்டது: "அன்று காலை கிளம்பும்போது உங்களுக்கு என்ன தெரியும்?" ஒன்றும் தெரியாது. "தெரியாத ஒன்றைத் தடுப்பதற்கு என்ன செய்திருப்பீர்கள்?" அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நான்காவது வாரம் அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருக்கிறேன்: வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தேன்.

வலி போகவில்லை. அது துக்கமாக மாறியது. துக்கத்தோடு தூங்க முடிகிறது, குற்ற உணர்ச்சியோடு முடியவில்லை.

உங்கள் தம்பி சிரித்துப் பேசுகிறான் என்று எழுதியதற்கு அடுத்த வரியில் நீங்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை என்றீர்கள். உங்களுக்கும் அப்படி ஒரு வரி இருக்குமோ என்று தோன்றியது, தங்கச்சி. இங்கே சொல்ல வேண்டாம்.

வினாக்குறி எழுதியது:

படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் தாத்தா ராத்திரி கத்திக்கொண்டு எழுவார். இப்போதுதான் அதை நினைத்துப் பார்க்கிறேன்.

அகல்விளக்கு எழுதியது:

என் கணவருக்குப் பி.டி.எஸ்.டி. உறுதியாகிவிட்டது, ஆனால் தெரபிக்கு வர மறுக்கிறார். மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நான் எப்படி நடந்துகொள்வது? என்ன நடந்தது என்று சொன்னால் பாரம் குறையும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பது தப்பா?

பழையசெவிலி எழுதியது:

தப்பு என்று சொல்ல மாட்டேன் அம்மா, அன்பினால் கேட்கிறீர்கள். ஆனால் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். "சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நான் இருக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். கெட்ட கனவில் புரண்டால் தொட்டு உலுக்காதீர்கள், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விளக்கைப் போடுங்கள். மாத்திரை நல்லதுதான், செர்ட்ராலினும் பராக்ஸெடினும் பி.டி.எஸ்.டி.க்கென்றே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றவை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்கள் தனியாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கரையோரன் எழுதியது:

ஒரு கேள்வி. இணையத்தில் குழந்தைப் பருவக் கஷ்டங்கள் பற்றிப் பத்துக் கேள்வி கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. நான் போட்டுப் பார்த்தேன், ஏழு வந்தது. ஏழு என்றால் ஆயுள் குறையும், நோய் வரும் என்று கீழே எழுதியிருந்தது. அதிலிருந்து மனம் சரியில்லை. எனக்குச் சிகிச்சை அவசியமா?

நீள்வழி எழுதியது:

கரையோரன், அந்த எண்ணை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டிய பெரிய ஆய்வுத் திட்டம் அது. கூட்டமாகப் பார்க்கும்போது சிறுவயதுத் துன்பத்துக்கும் பிற்கால நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆனால் அது எத்தனை வகை என்று மட்டும்தான் எண்ணுகிறது. எத்தனை முறை, எவ்வளவு கொடுமை, அப்போது உங்களை அணைத்துக்கொள்ள ஒரு பாட்டியோ ஆசிரியரோ இருந்தாரா, எதையும் அது கேட்பதில்லை. தனிமனிதருக்கு ஆரூடம் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020-ல் எழுதினார்.

சிகிச்சை வேண்டுமா என்பதற்கு ஏழு என்ற எண் விடை இல்லை. இன்றைய உங்கள் தூக்கம், உறவு, வேலை, நீங்கள் உங்களைப் பற்றி நினைப்பது, இவைதான் விடை. நீங்கள் எழுதிய முதல் வரியில் மாடிப்படி தெரியும் என்றீர்கள். ஒருமுறை யாரையாவது பார்த்துப் பேசுங்கள் என்றுதான் சொல்வேன். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் நாள் பார்த்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அல்லது நம்பும் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்குமாக இன்னொன்று. எல்லாக் கஷ்டத்தின் அடியிலும் மனக்காயம் இருக்கும் என்று தேட வேண்டாம். திரும்பத் திரும்பக் கை கழுவும் ஓ.சி.டி.க்கு அதற்கே உரிய சிகிச்சை இருக்கிறது, அதைவிட்டுச் சிறுவயதைத் தோண்டிக்கொண்டிருந்தால் வருடங்கள்தான் போகும். இப்போதும் அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்கு முதல் தேவை அங்கிருந்து வெளியேறும் வழி. அதைவிட ஆபத்தானது, "உங்களுக்கு நினைவில்லை, ஆனால் உங்களுக்குள் ஏதோ புதைந்திருக்கிறது, அதை வெளியே எடுக்கிறேன்" என்று சொல்லும் ஆலோசகர். எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வுகள், நடக்காத ஒன்றையும் நடந்ததாக மனிதர்களை நம்ப வைக்க முடியும் என்று காட்டின. நல்ல தெரபிஸ்ட் நீங்கள் கொண்டு வருவதோடு வேலை செய்வார், தான் எதையும் நட்டுவைக்க மாட்டார். ஒரே அமர்வில் குணம் என்று சொல்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

மழைத்தூறல், போனில் கேட்பதற்குச் சில கேள்விகள் உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

மழைத்தூறல் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஓடைக்கல் அக்கா, நீங்கள் சொன்னது போல ஒரு வரி இருந்தது. அது என்ன என்று உங்கள் பதிவைப் படித்த ராத்திரியே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீள்வழி சார் அனுப்பிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று பேருக்குப் போன் செய்தேன். பி.டி.எஸ்.டி.க்கு எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? முதல் சந்திப்பில் என்ன செய்வோம்? நடுவில் என்னால் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? ஒருவர், "அதெல்லாம் நேரில் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஒருவர் நல்லபடியாகப் பேசினார், ஆனால் பயிற்சி எதுவும் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டு இன்னொருவரின் பெயரைக் கொடுத்தார். அந்த மூன்றாமவரிடம்தான் போகிறேன்.

முதல் நாள் விபத்தைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினோம். தூக்கம், சாப்பாடு, யார் கூட இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். ஒரு கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போட்டார், நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போட்டுப் பார்ப்போம் என்றார். எனக்கு இருக்கும் வழிகளை விளக்கிவிட்டு, எது என்று யோசித்துச் சொல்ல ஒரு வாரம் கொடுத்தார். நான் சொல்லித் தீர்க்கும் வழியை, அந்த நீடித்த எதிர்கொள்ளலை எடுத்தேன். எனக்கே ஆச்சரியம்தான். பயந்தது சொல்வதற்கு இல்லை போலிருக்கிறது, பாதியில் விடப்படுவதற்குத்தான்.

நான்காவது அமர்வில் மறுபடி அந்த இருக்கை வரை வந்தேன். கை நடுங்கியது. அவர் குறுக்கே பேசவில்லை. கொஞ்சம் கழித்து மெதுவாக, "இன்னும் போகலாமா, இங்கே சற்று நிற்கலாமா?" என்றார். நிற்கலாம் என்றேன். நின்றோம். ஜன்னலில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, அதையே பார்த்தேன். அப்புறம் நானாகவே தொடர்ந்தேன். போன முறை முடிக்காமல் விட்ட பகுதியைச் சொன்னேன். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை அவனிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். இரண்டு வருடமாக அது என் நினைவிலேயே வந்ததில்லை, எப்போதும் அந்தக் காலோடு நின்றுவிடும். தம்பியிடம் கேட்டேன். "ஆமாம், சும்மா தொணதொணவென்று பேசிக்கொண்டே இருந்தாய்" என்றான்.

இன்னும் அந்தச் சாலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம், வண்டியில் இல்லை, நடந்து, தம்பியோடு, முனை வரைக்கும்.

கரையோரன் எழுதியது:

அந்தக் கேள்விகளை எனக்கும் அனுப்ப முடியுமா? நாளைக்குக் காலை போன் செய்கிறேன்.

மழைத்தூறல் எழுதியது:

மேலே எழுதியிருக்கும் நான்கும்தான் முக்கியம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. மீதியைத் தனிமடலில் அனுப்பிவிட்டேன். பேசி முடித்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள், காத்திருப்பேன்.